கையில் போட்ட கண் மருந்து

மூன்றாம் நாளும் கோதண்டம் வந்து இறால் கம்பெனி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார். காலை ஆறே முக்காலுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் இடுக்கில் புகுந்து வந்த ரோஸ்மேரி அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கவிழ்த்துப் போட்ட மீன் கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் நீளமான ஒரு நோட்டு. முதல் நாள் வாட்ச்மேன் அவரை விரட்டினான். இரண்டாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தான். மூன்றாம் நாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்னா ரோஸி, உள்ள இன்னா பேசிக்கிறாங்கோ?”

“எங்களாண்ட யாருண்ணே பேசறா? கூடைய கொட்டுவாங்கோ, உரின்னுவாங்கோ, உரிப்போம்.”

“நான் போடலம்மா. எம் பசங்க மேல சத்தியமா போடல.”

“சாப்ட்டியாண்ணே?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

நடந்தது இதுதான். கோதண்டம் மீஞ்சூருக்கு வடக்கே உப்பங்கழி ஓரமாக மூன்று குளங்களைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்க்கிறவர். போன மாதம் முதல் குளத்தை இறைத்து எடுத்த இறால் முழுவதும் இந்தக் கம்பெனிக்குத்தான் வந்தது. ரோஸ்மேரியும் மற்றப் பெண்களும் அதை உரித்தார்கள். உரித்தது உறைய வைக்கப்பட்டு, வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறும் முன் அதிலிருந்து ஒரு கட்டி சோதனைக்குப் போனது. குளோரம்பெனிகால் இருக்கிறது என்று சீட்டு வந்தது. இறாலில் தப்பித் தவறியும் இருக்கக்கூடாத மருந்து அது. குளத்தில் போடுவதற்குத் தடை.

கம்பெனி கோதண்டத்தைக் கைகாட்டியது. அறுவடைக்கு முன்னால் எடுத்த பரிசோதனைச் சீட்டை அவர் நீட்டினார். அதில் சுத்தம் என்றுதான் இருந்தது. சீட்டு வாங்கின பிறகு போட்டிருப்பார் என்று சொல்லிவிட்டார்கள்.

இறால் குளத்துக்காரர்கள் மருந்து என்று சொல்வதில் பாதி மருந்தே இல்லை. சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், தாது உப்பு, வெல்லப்பாகில் ஊறவைத்து ஊற்றுகிற நல்ல கிருமி, எல்லாமே அவர்கள் வாயில் மருந்துதான். ‘நேத்து கொளத்துக்கு மருந்து போட்டேன்’ என்று கோதண்டம் சொன்னால் அநேகமாக அது சுண்ணாம்பாக இருக்கும். எந்தத் தேதியில் எந்தக் குளத்தில் எதைக் கொட்டினார் என்று அந்த நீள நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இறால் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் ஒதுங்கிச் செத்தபோது, கடைக்காரர் கொடுத்த பெயர் ஒட்டாத பொட்டலத்தைத் தீனியில் கலந்து போட்டவர்தான் அவர். அதை ஊரெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார், இனிமேல் செய்யமாட்டேன் என்பதற்காக. ஒளிக்கத் தெரியாத மனிதர். அதனாலேயே இப்போது யாரும் நம்பவில்லை. ஒருதரம் திருடியவன் வீட்டு வாசலில்தானே காணாமல் போன எல்லாச் சொம்பையும் தேடுவார்கள்.

மீதி இரண்டு குளத்திலும் இறால் எடுக்கிற பருவத்தில் இருந்தது. இந்தக் கம்பெனி வேண்டாம் என்றதும் மற்ற கம்பெனிக்காரர்கள் அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். தண்ணீருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இறாலுக்கு நோய் வர ஒரு மழை போதும். வானம் இரண்டு நாளாக மூடிக்கொண்டிருந்தது.

ரோஸ்மேரிக்கு நாற்பத்தெட்டு வயது. ராயபுரத்தில் வீடு. இறால் உரிக்க வந்து பத்தொன்பது வருடமாகிறது. கணவர் முன்பு விசைப்படகுக்குப் போனவர், முட்டி தேய்ந்த பிறகு மணலி புதுநகரில் ஓர் அடுக்குமாடிக்குக் காவல். வாரத்துக்கு ஒருநாள் வந்து துணி மாற்றிக்கொண்டு போவார். ஒரே மகள் ஷெர்லின் தண்டையார்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். ஆனால் சாயங்காலம் ஆனால் ரோஸ்மேரியால் சோற்றைப் பிசைய முடியாது. ஸ்பூனால் சாப்பிடுவாள்.

இறால் தலையில் ஒரு கொம்பு இருக்கிறது. ஊசி மாதிரி. தலையைத் திருகும்போது ஒரு நாளைக்கு நாலு தடவையாவது குத்தும். தலைக்குள் இருக்கிற சாறு அந்தக் குத்தில் இறங்கி அரிக்கும். அதன் மேல் ஐஸ் தண்ணீர், அதன் மேல் மணிக்கொருதரம் கை முக்குகிற குளோரின் தண்ணீர். நகக்கண்ணில் வெடித்த தோல் ஆறுவதற்குள் அடுத்த கூடை வந்துவிடும். கையுறை கொடுக்காமல் இல்லை. ஆனால் உறையோடு உரித்தால் ஓடு வழுக்கும், சதை கிழியும். கூலியோ உரித்த எடைக்குத்தான். ஆகவே கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் நுனியையும் கத்தரித்து விட்டுத்தான் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். சூப்பர்வைசர் சுஜா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவாள்.

சுஜா பார்க்காமல் விடாதது ஒன்று உண்டு. தினமும் காலையில் ஒரு நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ‘கையில் புண் இல்லை. மருந்து எதுவும் போடவில்லை.’ புண் இருக்கிறது என்று சொன்னால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம், கூலி கிடையாது. பத்தொன்பது வருடத்தில் அப்படிச் சொன்ன ஒருத்தியையும் ரோஸ்மேரி பார்த்ததில்லை.

அதனால் கைக்கு என்ன செய்தாலும் அது தெரியக்கூடாது. மஞ்சள் வைத்தால் கறை காட்டிக்கொடுக்கும். தேங்காயெண்ணெய் ஐஸ் தண்ணீரில் ஏடு கட்டும். மெடிக்கலில் விற்கிற மஞ்சள் களிம்பும் ஆகாது. எதுவும் போடாமல் எரிச்சலோடு உரித்துக்கொண்டிருந்தாள், ஷெர்லினுக்கு மெட்ராஸ் ஐ வருகிற வரைக்கும்.

அது ஒன்றரை வருடத்துக்கு முன்னால். கண் சிவந்து பீளை கட்டிக் கிடந்த மகளுக்கு டாக்டர் சின்னச் சின்ன உருண்டைகள் எழுதிக் கொடுத்தார். நுனியைக் கிள்ளி, உள்ளே இருக்கிற களிம்பைக் கண்ணுக்குள் பிதுக்க வேண்டும். கண் சரியான பிறகு மூன்று உருண்டை மீந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியதை எறிய மனமில்லாமல் ரோஸ்மேரி ஒன்றைக் கிள்ளி நகக்கண்ணில் தடவிக்கொண்டாள். நிறமில்லை, வாசனையில்லை. விடிந்தபோது எரிச்சல் பாதி அடங்கியிருந்தது. கண்ணுக்குள்ளேயே விடுகிறார்களே, இதைவிடச் சுத்தமானது எது இருக்கப் போகிறது என்று நினைத்தாள். அடுத்த வாரமே மெடிக்கலில் கேட்டு வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற மலிகாவுக்கு ஒன்று கொடுத்தாள். மலிகா இன்னொருத்திக்குச் சொன்னாள். கண்ணு மாத்திரை என்று அதற்குப் பெயர் வந்தது. இப்போது அவள் டேபிளில் பதினோரு பேருக்கும் வாரா வாரம் அவள்தான் வாங்கி வருவாள். இதை மருந்து என்று ஒருத்தியும் நினைக்கவில்லை. நோட்டில் கையெழுத்துப் போடும்போது யாருக்கும் கை கூசியதும் இல்லை.

அன்றைக்கு மதியம் சுஜா வந்து டேபிள் நடுவில் நின்று அந்தப் பெயரைச் சொன்னாள். “குளோரம்பெனிகால். எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாளைக்கழிச்சு ஒரு பேப்பர் வரும். இந்த மருந்தை நாங்க தொட்டதே இல்லன்னு ஆளாளுக்குக் கையெழுத்துப் போடணும். வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்பணும்.”

“இன்னா காலு மேடம்?” என்றாள் மலிகா.

“குளோரம்பெனிகால்.”

“யாரு காலா இருந்தா இன்னா, நம்ம வயித்துல மிதிக்காம இருந்தா சரி.”

டேபிள் முழுக்கச் சிரித்தது. சுஜாகூட உதட்டை மடித்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ராயபுரத்தில் இறங்கி ரோஸ்மேரி வழக்கமான மெடிக்கலுக்குப் போனாள். “கண்ணு மாத்திரை ஒரு டப்பா குடும்மா.” புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்ணுக்கு அந்தப் பெயர் புரியவில்லை. ரோஸ்மேரி பர்ஸிலிருந்து மாத்திரையின் பழைய மேலுறை ஒன்றை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “பாய், குளோரம்பெனிகால் கண் களிம்பு ஸ்டாக் கீதா?”

ரோஸ்மேரி கல்லாப் பலகைக்கு மேல் எட்டிக் குனிந்தாள்.

“இன்னா பேரும்மா சொன்ன?”

அந்தப் பெண் திரும்பச் சொன்னாள். அதே கால்.

“வேணாம்,” என்றாள் ரோஸ்மேரி. “இன்னொரு நாளு வாங்கிக்கிறேன்.”

மறுநாள் அவள் கேட்டை அடைந்தபோது கோதண்டம் அங்கே இருந்தார். அவள் லாரி ஒன்றின் மறைவிலேயே நடந்து உள்ளே போய்விட்டாள். வேலைக்குப் போடுகிற வெள்ளை அங்கியை மாட்டும் அறையில் மலிகாவைத் தனியாக ஓரம்கட்டிச் சொன்னாள். மலிகா தலைத்துணியைச் செருகிக்கொண்டே கேட்டாள். முகத்தில் எதுவும் மாறவில்லை.

“யாராண்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“அப்போ வாய மூடு.”

“அவுரு ரெண்டு கொளம் அப்டியே நிக்கிது மலிகா.”

“அவுருக்கு நிக்கிறதுக்கு கொளமாச்சும் கீது. நமக்கு இன்னா கீது? இத்த நீ போயி சொன்ன, இந்த டேபிளே காலி. நானு, சுகுணா, அந்த புள்ளத்தாச்சி, எல்லாம் வூட்டுக்கு. நல்லது பண்றேன்னு ஆளுக்கொரு உருண்டை குடுத்தியே அக்கா, இப்ப நல்லது பண்றேன்னு அத்தினி பேரு சோத்துலயும் மண்ணள்ளிப் போடாத.”

“அவுரு போடவே இல்ல.”

“அன்னிக்கி போட்டவன் தானே? இன்னிக்கி படறத அன்னிக்கி போட்டதுக்குன்னு கழிச்சிக்கட்டும்.” சொல்லிவிட்டு மலிகா அங்கியின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். “எனுக்கு மட்டும் நல்லாவா கீது? வா, மணியாச்சி.”

அன்றைக்கு ரோஸ்மேரி ஓயாமல் உரித்தாள். கோதண்டத்தின் இறாலைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவள் அவள். ஓடு கெட்டியாக இருக்கும், குடல் நிறைந்திருக்கும், தலையைத் திருகினால் ஒரே சொடுக்கில் வரும். நோய் கண்ட குளத்து இறால் கையில் துவளும். ஆறு வருடமாக அவர் லாரி வந்தால் டேபிளில் பெண்கள் மூச்சு விட்டுக்கொள்வார்கள். போன மாதம் வந்ததும் அப்படித்தான் இருந்தது. பெரியதையெல்லாம் பொறுக்கித் தலையோடு அப்படியே உறைய வைக்க அனுப்பிவிட்டு, நடுத்தரத்தை மட்டும் உரிக்கக் கொடுத்தார்கள்.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. பெரியதெல்லாம் தலையோடு போனது. அதில் யாருடைய விரலும் பட்டிருக்காது. மெஷின் தரம் பிரித்தது, தட்டில் அடுக்கியவர்களும் முழு உறை போட்டவர்கள். சோதனைக்குப் போனதோ உரித்த கட்டி.

இதை அவள் மலிகாவிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் பேப்பர் வந்துவிட்டது. தர ஆய்வுக்கு இருக்கிற இளைஞன் ஜெனிஷும் கூட வந்து நின்றான். அவன் முகமும் தூங்காத முகமாகத்தான் இருந்தது. ஒரு டன் இறாலுக்குள் நாலு துகள் உப்பு விழுந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்த மருந்து இருந்தது என்று அவன் யாருக்கோ போனில் விளக்கிக்கொண்டிருந்தான். பேப்பர் ஒவ்வொரு டேபிளாக நகர்ந்தது. மலிகா போட்டாள். புள்ளத்தாச்சியான பூமாரி போட்டாள். ரோஸ்மேரியிடம் வந்தபோது அவள் பேனாவை வாங்கவில்லை.

“போடு ரோஸி,” என்றாள் சுஜா.

“போட்டாச்சி மேடம்.”

“எங்க போட்ட? இந்த எடம் காலியாத்தானே கெடக்கு?”

“கையில போட்டேன். அந்த மருந்த.”

பேனா நீண்டபடியே இருந்தது. சுஜாவும் ஒரு காலத்தில் இதே டேபிளில் உரித்தவள்தான். அவள் விரல் நுனிகள் இன்னும் மழுங்கித்தான் இருக்கும். சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

“கிறுக்கு பிடிச்சிருக்கா? உன்னை யாரு கேட்டா? கையெழுத்து மட்டுந்தானே கேட்டேன்.”

“கண்ணுக்கு போடறது மேடம். அதுவும் அதே மருந்துதானாம். மெடிக்கல்ல சொன்னாங்கோ. நான்தான் வாங்கினு வந்தேன், நான்தான் எல்லாருக்கும் குடுத்தேன். இவுங்களுக்கு இன்னா ஏதுன்னே தெரியாது.”

“வாயை மூடு ரோஸி.”

அவள் சுஜாவை விட்டுவிட்டு ஜெனிஷைப் பார்த்தாள். “சார், அவுரு எறாவுல பெருசெல்லாம் தலையோட போச்சி. நாங்க யாரும் தொடல. அத்த ஒருவாட்டி டெஸ்ட் பண்ணுங்க. அதுலயும் மருந்து இருந்தா அவுரு போட்டது. இல்லன்னா நாங்க.”

ஜெனிஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “அந்தக் கட்டி இன்னும் இங்கதான் இருக்கு மேடம்,” என்று சுஜாவிடம் சொன்னான். பிறகு, அதைச் சொன்னதற்காகவே வருத்தப்படுகிறவன் மாதிரி வெளியே போனான்.

மலிகா அன்றைக்கு ரோஸ்மேரியோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டேபிள் பெண்கள் எல்லோரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். சாயங்காலம் பஸ்ஸிலும் அப்படியே.

தலையோடு உறைந்த கட்டிக்குச் சீட்டு வர நான்கு நாளானது. சுத்தம். அதை யாரும் டேபிளில் வந்து அறிவிக்கவில்லை. அடுத்த காலை நோட்டுக்குப் பதிலாக ஒரு பெரிய விளக்கைக் கொண்டுவந்து வைத்து, எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார்கள். நாற்பது பேரில் இருபத்துமூன்று பேர் விரலில் வெடிப்பு இருந்தது. கை ஆறின பிறகு வாருங்கள் என்று இருபத்துமூன்று பேரையும் அனுப்பிவிட்டார்கள். பதினொரு மணிக்கு மூன்று லாரி இறால் வந்து இறங்கியது. உரிக்க ஆளில்லை. மதியத்துக்குள் இருபத்திரண்டு பேருக்குப் போன் போனது. வாருங்கள், முழு உறை போட்டுக்கொண்டு உரியுங்கள், நுனியைக் கத்தரித்தால் மட்டும் தொலைத்துவிடுவோம் என்று. ரோஸ்மேரிக்குப் போன் வரவில்லை. சாயங்காலம் மலிகாதான் கூப்பிட்டாள். “கம்பெனி அட்டைய குடுத்துட்டு கணக்க முடிச்சிக்கச் சொன்னாங்க அக்கா.” இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அட்டையைக் கொடுத்துவிட்டு அவள் வெளியே வரும்போது மணி ஒன்பதரை இருக்கும். இந்த நேரத்து வெயிலில் இந்தச் சாலையை அவள் பார்த்ததே கிடையாது. மேல்சட்டைப் பையில் மடித்த காகிதம் தெரிய, கோதண்டம் கேட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வேகமாக வந்தார்.

“கிளீனுன்னு வந்துடுச்சி ரோஸி! அடுத்த செவ்வாக்கெழம வண்டி அனுப்பறாங்களாம். ஆனா ஒரு கொளந்தான் கீது. நடுக் கொளம் போச்சி. மூணு நாளு மழையில எல்லாம் வெள்ள வெள்ளயா ஒதுங்கிடுச்சி. நேத்து பிளீச்சிங் கொட்டி மூடிட்டு வந்தேன்.” மூச்சு வாங்கினார். “உள்ள எவளோ கையில மருந்து பூசிகினு உரிச்சிகீறா. அவ மட்டும் எங்கண்ணுல பட்டான்னு வெச்சிக்க...”

“நான்தாண்ணே.”

“இன்னா நான்தான்?”

“பூசினது. தலையோட இருக்கறத டெஸ்ட் பண்ணச் சொன்னதும் நான்தான்.”

கோதண்டம் அவளையே பார்த்தார். கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இரண்டு பேரையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனது. புழுதி அடங்குகிற வரைக்கும் நின்றார்கள்.

“எப்பத்துலந்து தெரியும் உனுக்கு?”

“சொல்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடி.”

“ரெண்டு நாளு,” என்றார். விரலை மடித்து எதையோ எண்ணிப் பார்த்தார். ரெண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் நடுக்குளம் பிழைத்திருக்குமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. பிழைத்திருக்கலாம். போயும் இருக்கலாம். “மன்னிச்சிக்கன்னு எதுனா சொல்லி வைக்காத. நீ சொன்னா நான் இன்னா சொல்றதுன்னு எனுக்குத் தெரியல.”

“சொல்லலண்ணே.”

“வேல?”

“இல்ல. இப்பதான் அட்டைய குடுத்துட்டு வரேன்.”

அவர் காகிதத்தை எடுத்துப் பார்த்து மறுபடியும் பைக்குள் வைத்தார். கோபப்படவும் நன்றி சொல்லவும் ஒரே ஆள்தான் எதிரே நிற்கிறாள், எதை முதலில் செய்வது என்று தெரியாதவர் மாதிரி இருந்தது.

ரோஸ்மேரிதான் பேசினாள். “செவ்வாக்கெழம எறாவ அனுப்பறப்போ நீயும் கூடவே வாண்ணே. மூணாவது டேபிள்ல போடச் சொல்லு. அங்க மலிகான்னு ஒருத்தி கீறா. உறை போட்டுகினு உரிச்சாலும் அவ கையில கிழியாது.”

“மலிகா,” என்று கோதண்டம் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“ஆமா. கொஞ்சம் வாய் சாஸ்தி. கண்டுக்காத.”

ராயபுரம் போகிற பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தது.